தாளின் பின்பக்கம் படித்தவர்

தட்டச்சு செய்து முடித்த தாளை உருளையிலிருந்து உருவியதும் அக்கா முதலில் அதைத் திருப்புவார். பின்பக்கத்தில் வலது கை ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழாக ஓட்டுவார். முற்றுப்புள்ளி விழுந்த இடமெல்லாம் தாளின் மறுபுறம் கடுகளவு புடைத்திருக்கும். எந்த வாக்கியம் எங்கே முடிகிறது, பத்தி சரியாகப் பிரிந்திருக்கிறதா, கடைசி வரி பக்கத்தின் அடியில் போய் இடிக்கிறதா என்பதையெல்லாம் அந்தப் புடைப்புகளை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் தாள் அதிகாரியின் மேசைக்குப் போகும். எங்கள் அலுவலகத்தில் ஆறு தட்டச்சர்கள் இருந்தார்கள். அடித்ததை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்புகிறவர் கண் தெரியாத இவர் ஒருவர்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. என் எழுத்தில் தன் பெயர் வருவதை அவர் விரும்பமாட்டார் என்பது எனக்கு நிச்சயம். அலுவலகத்தில் நான் கூப்பிட்டபடி அக்கா என்றே சொல்கிறேன். அப்படிக் கூப்பிடும் உரிமையும் எனக்குப் பாதியிலேயே போய்விட்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோடை ஒட்டி எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்தது. மாடியில் தட்டச்சுப் பிரிவு. தரைத்தளத்தில், குளிரூட்டிய அறையில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடமிருந்து வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது. அதற்கு எதைச் சொல்வதானாலும் நீள அட்டையில் துளை போட்டுச் சொல்ல வேண்டும். அது பதில் சொல்வதானால் பீரோ அளவு அச்சு இயந்திரம் தடதடவென்று தாளைத் தள்ளும். நான் அட்டையில் துளை போடுகிற பெண்களில் ஒருத்தி. அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் வேலைக்குப் போன முதல் பெண் நான்.

அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூடுதல். நல்ல உயரம், ஒல்லி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணன், மன்னியோடு இருந்தார். கறுப்புக் கண்ணாடி போடமாட்டார். ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "போட்டுண்டா உங்களுக்குச் சௌகர்யம். எனக்கு மூக்குதான் வலிக்கறது" என்றார். ஒருநாள் லஸ் முனையில் ஒரு பெரியவர் உதவுகிற வேகத்தில் அவர் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க இழுத்தார். அக்கா அசையாமல் நின்றார். "சார், கையை விடுங்கோ. நான் உங்க கையைப் பிடிச்சுண்டு வரேன். இழுத்துண்டு போக நான் என்ன கன்னுக்குட்டியா?" பெரியவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா தனியாகவே கடந்தார். பஸ் டிரைவர் ஒருவர் பிரேக் போட்டு வசை பாட, அதற்கும் ஒரு பதில் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் ஒரு காரியத்துக்கு அவர் பிறரை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. படிப்பதற்கு. பிரெய்ல் புத்தகம் எங்கோ நூலகத்திலிருந்து எப்போதாவது வரும். அலுவலகச் சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகை, கடிதம், கேன்டீன் சுவரில் ஒட்டிய சீட்டு, இதெல்லாம் பிரெய்லில் வருமா?

"படிக்கறவா வாயில பாதி நின்னுடும்டி" என்பார். அது அவருடைய பழமொழி.

அதற்கு ஒரு கதை இருந்தது. பார்வையற்றோர் பள்ளியில் படிப்பை முடித்துவிட்டு அவர் வீட்டில் இருந்தபோது, விடுதி வார்டனிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணன் பிரித்துப் பார்த்தார். "வார்டன் சௌக்கியமா இருக்காராம். உன்னை விசாரிச்சிருக்கார்" என்றார். நான்கு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அந்த வார்டனே எதிரே வந்து, "திருச்சி ஸ்கூல்ல உனக்காக வேலையை மூணு மாசம் நிறுத்தி வெச்சிருந்தேன், ஒரு வரி பதில் போடலையேம்மா" என்றார். அக்கா வீட்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டார். அவர் மறுக்கவில்லை.

"அண்ணா கெட்டவன் இல்லே" என்று என்னிடம் சொன்னார் அக்கா. "அயலூர்ல நான் எங்கயாவது தடுக்கி விழுந்துடுவேன்னு பயந்துட்டான். எனக்கு நல்லது பண்றதா நினைச்சுண்டு பாதியை முழுங்கிட்டான். திட்டறவாளை நான் சமாளிச்சுடுவேன். நல்லது பண்றவாதான் ஆபத்து."

இந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னது நான் அந்தக் காரியத்தைச் செய்வதற்கு முன்பு. பின்பு அல்ல. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவரோடு அறிவிப்புப் பலகை முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை; ஒருநாள் தற்செயலாகப் படித்தேன், பிடித்துக்கொண்டார். "மேலே தேதி என்ன? யார் கையெழுத்து? அடியில பொடி எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று துருவுவார். நான் கமா, அடைப்புக்குறி உட்படப் படிப்பேன். "நீ ஒருத்திதாண்டி முழுசாப் படிக்கறே" என்றார் ஒருமுறை. எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

துளை போடும்போது பிழையாகிப் போன அட்டைகளை என்னிடம் கேட்டு வாங்கிப் போவார். எதற்கென்று நான் கேட்டதில்லை. ஒருநாள் தெரிந்தது. கம்ப்யூட்டர் அறை ஆபரேட்டர் கோவிந்தன் கிடங்குச் சரக்குப் பட்டியல் அட்டைகளைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வரும்போது கதவில் இடித்து, அறுநூறு அட்டையும் தரையில் சிதறிவிட்டது. எங்களிடம் இருந்தவை பழைய வகை இயந்திரங்கள். அட்டையில் துளை மட்டும் இருக்கும், எழுத்து அச்சாகாது. வரிசைப்படுத்துகிற இயந்திரமோ அன்று பழுது. கண்ணுள்ள நாங்கள் எட்டுப் பேர் கையில் அட்டையை வைத்துக்கொண்டு விளக்குக்கு நேரே பிடித்து விழித்தோம்.

"போச்சு, சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் போவணுமே, மானேஜர் என்னிய உரிச்சி தொங்க விட்டுடுவாரு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் கோவிந்தன்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த அக்கா தரையில் உட்கார்ந்தார். ஒரு அட்டையை எடுத்தார். வரிசை எண் இருக்கும் வலது ஓரத்தைத் தடவினார். "இது நானூத்திப் பன்னெண்டு" என்றார். அடுத்தது, "இருபத்தேழு." நான் கொடுத்த பிழை அட்டைகளை வைத்து எந்தத் துளைக்கு எந்த எண், எந்த எழுத்து என்று முழுவதையும் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து கற்றிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் அடுக்கினோம். இரண்டரை மணி நேரத்தில் அறுநூறும் வரிசைக்கு வந்தன.

கோவிந்தன் அவருக்குக் காப்பி வாங்கிவந்து கொடுத்தார். "யம்மா, உனுக்கு வெரல்ல கண்ணு கீது" என்றார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "கண்ணெல்லாம் இல்லே கோவிந்தா. நான் உட்கார்ந்து படிச்சேன். நீங்க யாரும் படிக்கலே, அவ்வளவுதான்."

அடுத்த மாதமே அக்காவைக் கீழே, அட்டைகளைச் சரிபார்க்கிற வேலைக்கு மாற்றினார் மானேஜர். வெளியிலிருந்து யார் வந்தாலும் அழைத்துவந்து காட்டுவார். "பாருங்க, விரலாலேயே படிக்கிறாங்க" என்பார். வந்தவர்கள் 'அடடா' என்பார்கள். அக்கா நிமிராமல் அட்டையைத் தடவிக்கொண்டிருப்பார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அந்த அறிவிப்பு வந்தது. புரோகிராமர் பயிற்சிக்கு அலுவலகத்துக்குள்ளிருந்தே இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். எழுத்துத் தேர்வு உண்டு. விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கலாம். துளை போடுகிற அறையில் சேர்ந்தவள் அந்த அறையிலேயே ஓய்வுபெறுவாள் என்பதுதான் வழக்கம். இப்படியொரு கதவு அதற்கு முன்னும் திறந்ததில்லை, பின்னும் திறக்கவில்லை. இரண்டில் ஒரு இடம் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பட்டதாரிக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, மிச்சம் ஒன்று.

காலையில் மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த அம்மாவுக்கு நீதானே போர்டு படிக்கறே?"

"ஆமா சார்."

"இதைப் படிக்க வேணாம். எழுத்துத் தேர்வு. கேள்வித்தாளை யார் படிச்சுச் சொல்றது, விடையை யார் எழுதறது? ஆசை காட்டி மோசம் பண்ண மாதிரி ஆயிடும். பாவம்."

"சரி சார்" என்றேன்.

மானேஜர் சொல்லாவிட்டால் படித்துக் காட்டியிருப்பேனா? இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை எனக்கு நானே பலவிதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மாட்டேன். அவர் தேர்வு எழுதினால் எனக்கு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். மானேஜர் கூப்பிட்டுச் சொன்னபோது என் மனசில் இருந்தது வருத்தம் அல்ல, நிம்மதி.

மதியம் பலகை முன்னால் நின்றோம். அக்காவின் கை என் முழங்கையில் இருந்தது. பொங்கல் விடுமுறைச் சுற்றறிக்கையைப் படித்தேன். சைக்கிள்களை மரத்தடியில் நிறுத்தக்கூடாது என்பதைப் படித்தேன். நடுவில் இருந்த வெள்ளைத் தாளைத் தாண்டி, ரத்த தானம் பற்றிய சீட்டைப் படித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான் அக்கா."

அந்த வாரம் முழுவதும் தினமும் கேட்டார். தினமும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை என் பெயரைக் கொடுத்தேன். தேர்வு கிண்டியில் எங்கள் தொழிற்சாலைக் கட்டிடத்தில் ஒரு சனிக்கிழமை நடந்தது. அலுவலகத்தில் யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார்கள், அல்லது பாவம் பார்த்தார்கள். நான் தேர்வானேன். மானேஜர் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் மறுநாள் லஸ்ஸிலிருந்து மைசூர்பாகு வாங்கிவந்து அறை முழுக்கக் கொடுத்தார். "பொண்ணு ஒருத்தி உள்ளே போயிட்டா. இனிமே கதவு திறந்துண்டே இருக்கும் பாரு" என்றார். எனக்கு ஒரு துண்டு அதிகம் கொடுத்தார். சாப்பிட்டேன்.

நான் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்ட ஐந்தாறு மாதத்தில் அக்கா ஒரு யோசனையோடு வந்தார்.

"டைப்ரைட்டர்ல முற்றுப்புள்ளி அடிச்சா தாளுக்குப் பின்னாடி புடைக்கறதில்லையா? உங்க அச்சு மெஷின்லயும் முற்றுப்புள்ளி இருக்கோன்னோ? புள்ளியை மட்டும் மூணு வரியில, பிரெய்ல் எழுத்து மாதிரி அடுக்கி அடிக்கச் சொல்ல முடியுமா? புடைப்பு பின்பக்கம் வரும். அதனால வலமிருந்து இடமா, கண்ணாடியில தெரியற மாதிரி அடிக்கணும்."

முடியும் என்று பட்டது. எழுதினேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில், ஒரு மாதம். இதை நான் குற்ற உணர்ச்சியால் செய்தேனா, ஆசையால் செய்தேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அக்கா எனக்கு பிரெய்ல் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று நான் அட்டையில் ஏற்றினேன். முதல் ஓட்டத்தில் புள்ளிகள் அச்சாயின. ஆனால் புடைப்பு போதவில்லை. தாளுக்குப் பின்னாலிருந்து சுத்தியல் அடிக்கிற இடத்தில் மெத்தென்று ஏதாவது இருந்தால் புள்ளி ஆழமாகப் பதியும் என்று அவரே சொன்னார். நான் ரங்கநாதன் தெருவில் தையல் சாமான் கடையில் எலாஸ்டிக் நாடா வாங்கிவந்தேன்.

கோவிந்தன் அதைக் கையில் வாங்கி நீட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பாவாடைக்குப் போடற நாடாவ கொணாந்து லட்ச ரூபா மெஷின்ல மாட்டச் சொல்ற! அது கடிச்சிக்கினா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றார் அக்கா.

கோவிந்தன் மாட்டினார். "எதையாவது அடி. என்னன்னு சொல்லாதே" என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். கேன்டீன் சுவரில் இருந்த வாரப் பட்டியலை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருந்தேன். இயந்திரம் தடதடத்தது. கோவிந்தன் தாளைக் கிழித்துத் திருப்பி அவர் மடியில் வைத்தார். விரல் மெதுவாக நகர்ந்தது. உதடு அசைந்தது. "திங்கள், பொங்கல். செவ்வாய், கிச்சடி. புதன்..." நிறுத்தினார். "உப்புமா. இன்னிக்கு உப்புமாவா? தெரிஞ்சிருந்தா ஆத்துலேர்ந்து கொண்டு வந்திருப்பேனே!" மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர் தாளை மடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். கோவிந்தன் வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு ஏழெட்டு மாதம் அவரைப் பிடிக்க முடியவில்லை. புரோகிராம் எழுதும் முறை பற்றிய கையேட்டை, அவருடைய பழைய தட்டச்சுத் தோழி ஒருத்தி மதியங்களில் படித்துச் சொல்ல, தானே அட்டையில் துளை போட்டு, பிரெய்லில் அடித்து வைத்துக்கொண்டார். அதைப் படித்துத் தானே ஒரு புரோகிராம் எழுதினார். ஓடியது. நான் எழுதிய விடுமுறைப் பதிவு புரோகிராமில், பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் வந்தால் எல்லாமே ஒருநாள் தள்ளிப்போகும் என்று கண்டுபிடித்துச் சொன்னார். மானேஜருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் 'அடடா' என்று சொல்ல ஆள் கூட்டிவருவார் என்று அக்காவே சொல்ல வேண்டாம் என்றார்.

ஊழியர் விவரப் பட்டியல் புதிதாகத் தயாரானபோது, அட்டைகள் அக்காவிடம் சரிபார்க்க வந்தன. ஒவ்வொரு அட்டையாகத் தடவுவதைவிட வேகம் என்று அவர் கோவிந்தனிடம் சொல்லிப் பட்டியல் முழுவதையும் பிரெய்லில் அடித்துக்கொண்டார். அது எனக்குத் தெரியாது.

மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் தாள்.

"உன் பேருக்கு நேரே என்ன போட்டிருக்குன்னு தெரியுமாடி?"

"தெரியாது அக்கா."

"புரோகிராமர் பயிற்சி. உள் தேர்வு. அறிவிப்பு எண் இருக்கு. தேதி இருக்கு. போன வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம்." விரல் அந்த வரியிலேயே இருந்தது. "உள் தேர்வுன்னா போர்டுல ஒட்டியிருப்பாளே."

நான் என் டிபன் பாக்ஸை மூடினேன்.

"அந்த வாரம் தினமும் உன்னைக் கேட்டேன்."

"மானேஜர்தான் அக்கா... உங்களுக்கு ஆசை காட்டி ஏமாத்தக் கூடாதுன்னு சொன்னாரு..."

"எனக்குப் படிச்சுக் காட்டினது மானேஜரா?"

"இல்ல."

"நான் எழுதித் தோத்திருந்தா, தோத்துட்டேன்னு இருந்திருப்பேன். நீங்கள்லாம் சேர்ந்து அதுக்குக்கூட என்னை விடலை."

நான் அழுதேன். அக்கா சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அழாதே. நீ அழறதை என்னால பார்க்க முடியாது, கேக்கத்தான் முடியும். கேக்க நன்னா இல்லே."

அக்கா எழுந்தபோது மடியிலிருந்து ஒரு தாள் நழுவியது. "கொஞ்சம் எடுத்துக் கொடுங்கோ" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அதுவரை அவர் என்னை 'நீ', 'டி' என்றே பேசிவந்தார். அதற்குப் பிறகு ஒருமுறையும் அப்படிப் பேசவில்லை.

அன்று மாலையே அவர் ஒரு கடிதம் தட்டச்சு செய்தார். தனக்கு அறிவிப்பு தெரிவிக்கப்படவில்லை, இப்போது கேள்வித்தாளை யார் உதவியும் இல்லாமல் தானே படிக்க முடியும், விடையைத் தானே தட்டச்சு செய்ய முடியும், ஆகவே அதே தேர்வைத் தனக்கு வைக்கவேண்டும் என்று. ஒரு பிரதியை மானேஜருக்குக் கொடுத்தார். இன்னொரு பிரதியை அறிவிப்புப் பலகையில், தடவித் தடவி இடம் பார்த்து, நட்டநடுவில் குத்தினார். கடிதத்தில் என் பெயர் இல்லை.

மானேஜர் எங்கள் இருவரையும் கோவிந்தனையும் கூப்பிட்டார்.

"ஊழியர் பட்டியலை உங்களுக்கு யார் படிச்சுக் காட்டினது?"

"யாரும் இல்லே சார். நானே படிச்சேன்."

"அது ரகசியப் பட்டியல்."

"நீங்கதானே கொடுத்தேள்?"

"அட்டையைச் சரிபார்க்கக் கொடுத்தேன். படிக்கறதுக்குக் கொடுக்கலை."

அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் மானேஜரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அவர் வாடகை இயந்திரக் கம்பெனியின் இன்ஜினீயரை வரவழைத்தார். இன்ஜினீயர் மூடியைத் திறந்து நாடாவை உருவி எடுத்தார். "இதனால கெடுதல் ஒண்ணும் ஆகலை சார். நல்ல யோசனைதான். ஆனா ஒப்பந்தப்படி வெளிப்பொருள் வைக்கக் கூடாது" என்றார். மானேஜர் கடைசி வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

"யார் மாட்டினது?"

கோவிந்தனுக்கு மூன்று பெண்கள். வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா, "நான்தான் மாட்டினேன்" என்றார். அந்த இயந்திரத்தின் மூடியை அவரால் தனியாகத் தூக்க முடியாது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"புரோகிராம்?" மானேஜர் என்னைப் பார்த்தார்.

இந்தமுறை அக்கா முந்திக்கொள்ளவில்லை. எனக்காகக் காத்திருந்தார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"அவங்க கேட்டாங்க சார். எழுதிக் கொடுத்தேன். எதுக்குன்னு தெரியாது."

"அந்த அட்டையெல்லாம் இன்னிக்கே கழிச்சுடு" என்றார் மானேஜர். கழித்தேன். நூற்று எழுபது அட்டைகளையும் பழைய அட்டை மூட்டையில் போட்டு, அன்று மாலை வந்த காகிதக்காரனிடம் ஏற்றி அனுப்பினேன். தேர்வுக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அக்காவை மறுபடி மாடிக்கு, தட்டச்சுக்கு அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "அந்தப் புரோகிராம் அட்டைக் கட்டு உங்ககிட்ட இருக்கா? வேற எங்கயாவது மெஷின் கிடைச்சா ஓட்டிப் பார்த்துக்கறேன்."

"தூக்கிப் போடச் சொல்லிட்டாரு அக்கா."

"போட்டாச்சா?"

"அன்னிக்கே."

தலையை ஆட்டினார். கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டு மேலே போனார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார்.

நான் அந்தப் புரோகிராமை நினைவிலிருந்து மறுபடி எழுதினேன். மதிய நேரங்களில் ஒவ்வொரு அட்டையாகத் துளை போட்டேன். கோவிந்தன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தி நாளாகியிருந்தது. முடித்துத் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூர் போனேன்.

மன்னி கதவைத் திறந்தார். யார் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. உள்ளே பார்த்தார்.

"அவ ஆத்துல இல்லையே. கோயிலுக்குப் போயிருக்கா."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. உரக்க இல்லை. "இருக்கேன்னு சொல்லுங்கோ மன்னி. பார்க்க இஷ்டமில்லேன்னும் சொல்லுங்கோ."

மன்னி தரையைப் பார்த்தார். நான் பையை நீட்டினேன். "அந்தப் புரோகிராம் அக்கா. மறுபடி எழுதியிருக்கேன். எல்லாம் இருக்கு." கதவுக்கு உள்ளே கேட்கும்படி சொன்னேன்.

பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"வெச்சுட்டுப் போகச் சொல்லுங்கோ" என்றது குரல். "எல்லாம் இருக்கா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன்."

மன்னி பையை வாங்கிக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அந்த வீட்டின் ஜன்னல் சந்தைப் பார்த்தே இருந்தது, திறந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முதல் அட்டையை எடுத்து இடது ஓரத்திலிருந்து தடவ ஆரம்பித்தார். முடித்து அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். வெளியே நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நூற்று எழுபது அட்டைக்கு எப்படியும் ஒருமணி நேரம் ஆகும். நான் ஐந்தாவது அட்டை வரை நின்றேன்.